சிகரமும் கோப்பையும்

பள்ளி அலுவலகத்திற்குள் நுழைந்ததும் பெரும்பாலும் ஒரு கண்ணாடி அலமாரி நம் கண்ணில் படும். கோப்பைகள், கேடயங்கள், சிரித்த முகத்தோடு நிற்கும் விளையாட்டாளர்களின் நிழற்படங்கள் ஆகியவை அதில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பார்க்கும்போது நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால், அந்த அலமாரியில் இடம்பெறாத ஒரு கணக்கும் உண்டு. முதலாம் படிவத்தில் குழுவில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் படிவத்திலும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்? மற்றவர்கள் ஏன் விலகினார்கள்? வலியாலா, சலிப்பாலா, பயிற்றுநரின் ஒரு சொல்லாலா? இந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

இளையோருக்கு விளையாட்டுப் பயிற்சி அளிக்கும் ஒருவரின் திறமையைக் கோப்பைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கக்கூடாது. அவரிடம் பயின்றவர்களுள் எத்தனை பேர் உடல்நலத்தோடும் விருப்பத்தோடும் தொடர்ந்து விளையாடுகிறார்கள் என்பதையே முதன்மை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இக்கருத்து எனக்கு வலுப்பட்டது விளையாட்டுத் திடலில் அல்ல, ஒரு மலையில்தான். பள்ளி மாணவர் பன்னிருவரோடு கினாபாலு மலையில் ஏறியபோது, எங்களை அழைத்துச் சென்ற மலைவழிகாட்டிகள் செய்தவற்றையும் செய்யாமல் விட்டவற்றையும் உற்றுக் கவனித்தேன். பயிற்றுநர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை பல உள்ளன.

கடைசியில் நடப்பவர்

சபா மாநிலத்தில் உள்ள கினாபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். மலேசியாவின் மிக உயரமான மலை அதுவே. அம்மலை அமைந்துள்ள கினாபாலு பூங்கா, 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மலையேறுபவர்கள் 1,866 மீட்டர் உயரத்தில் உள்ள திம்போஹோன் வாயிலிலிருந்து நடக்கத் தொடங்குகிறார்கள். ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் ஏறி, 3,200 மீட்டருக்கும் மேல் உள்ள பானாலாபான் தங்குமிடத்தை அடைகிறார்கள். அங்குச் சில மணி நேரம் உறங்கி, மறுநாள் அதிகாலை இரண்டரை மணியளவில் தலைவிளக்கு அணிந்துகொண்டு உச்சியை நோக்கிப் புறப்படுகிறார்கள்.

உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இம்மலையில் ஏற யாருக்கும் அனுமதி இல்லை. வழிகாட்டிகளுள் பெரும்பாலோர் மலையடிவாரத்துச் சிற்றூர்களில் வாழும் டூசுன் இனத்தவர். நூற்றுக்கணக்கான முறை உச்சிக்குச் சென்று வந்தவர்கள் அவர்களுள் உண்டு. நினைத்தால் நம்மைவிடப் பல மடங்கு வேகமாக அவர்களால் ஏற முடியும். ஆயினும், எங்கள் குழுவின் மூத்த வழிகாட்டி நடந்தது முன்வரிசையில் அல்ல. குழுவில் யார் எல்லாருக்கும் பின்னால் வந்தாரோ, அவருக்கும் பின்னால்தான் அவர் நடந்தார். முன்னால் ஓடிய மாணவர்கள் அடுத்த ஓய்வுக் குடிலில் காத்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே கட்டளை. கடைசி மாணவர் வந்து சேர்ந்து, நீர் அருந்தி, மூச்சு வாங்கிய பிறகே குழு மீண்டும் புறப்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் இருக்கிறது. வேகமாகச் சென்றவர்கள் காத்திருக்கும்போது ஓய்வெடுத்துக்கொள்கிறார்கள். மெதுவாக வருபவர் குடிலை அடைந்ததும் மற்றவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டால், ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைக்காமல் போய்விடும். இதை அறிந்துதான் வழிகாட்டி கடைசி ஆளைக் கொண்டு நேரத்தைக் கணக்கிட்டார்.

நம் பயிற்சித் திடல்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. பயிற்றுநரின் கண்கள் முன்னால் ஓடுபவரையே பின்தொடர்கின்றன. திறமையானவருக்குக் கூடுதல் பயிற்சி, கூடுதல் அறிவுரை, கூடுதல் ஆட்ட நேரம் ஆகியவை கிடைக்கின்றன. பின்தங்கியவர் பந்து பொறுக்கிப் போடுகிறார். போட்டி நாள்களில் மாற்று ஆட்டக்காரர்களுக்கான இருக்கையில் சீருடையோடு அமர்ந்திருந்துவிட்டு, வியர்க்காமலேயே வீடு திரும்புகிறார்.

பின்தங்கியவர் என்று நாம் முடிவு செய்வதே பல நேரங்களில் தவறாக இருக்கலாம். வயதுப் பிரிவுகளை எடுத்துக்கொள்வோம். பிறந்த ஆண்டைக் கொண்டு பிரிவுகளை அமைக்கும்போது, ஜனவரி மாதத்தில் பிறந்தவரும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் விளையாடுகிறார்கள். இருவருக்கும் இடையில் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி இருக்கிறது. பன்னிரண்டு வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் எடையிலும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். காற்பந்து, பனித்தரை ஹாக்கி முதலிய விளையாட்டுகளில் இளையோர் குழுக்களை ஆராய்ந்தவர்கள், ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே அதிகமாகத் தேர்ந்தெடுக்கப்படுவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் திறமை அதிகமாக அமைந்துவிடுமா? அமையாது. சில மாதங்கள் முன்னதாக வளர்ந்ததை நாம் திறமை என்று எண்ணிவிடுகிறோம். சில மாதங்கள் பின்னதாக வளர்பவரைத் திறமையற்றவர் என்று ஒதுக்கிவிடுகிறோம். கடைசியில் நடப்பவருக்காகக் காத்திருப்பது இரக்கத்தால் மட்டும் செய்யும் செயல் அல்ல, அறிவார்ந்த செயலும்கூட.

உடலுக்கென்று ஒரு கால அட்டவணை

உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. கினாபாலுவின் உச்சியில் காற்றழுத்தம், கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடு மட்டுமே. ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் உயிர்வளியும் அதற்கேற்பக் குறைகிறது. இந்த மாற்றத்திற்குப் பழகிக்கொள்ள உடலுக்குக் கால அவகாசம் வேண்டும். அவசரமாக ஏறினால் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவை உண்டாகும். உடல் வலிமையுள்ளவருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. உண்மையில், வலிமையுள்ளவரே வேகமாக ஏறிவிடுவதால் சில வேளைகளில் முதலில் பாதிக்கப்படுகிறார்.

எவரெஸ்ட் சிகரத்தில் ஏறுபவர்கள் அடிவார முகாமிலிருந்து நேராக உச்சிக்குப் போய்விடுவதில்லை. மேல் முகாமுக்கு ஏறுகிறார்கள். மீண்டும் கீழே இறங்கி வந்து உறங்குகிறார்கள். சில நாள்கள் கழித்து முன்னைவிடச் சற்று உயரம் ஏறுகிறார்கள். இப்படியே வாரங்கள் கழிகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் அலைச்சலாகத் தோன்றும். ஆனால், இறங்கி வந்து ஓய்வெடுக்கும் அந்த நாள்களில்தான் உடல் உயரத்திற்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது.

விளையாட்டுப் பயிற்சிக்கும் இது பொருந்தும். பயிற்சியின்போது தசைகள் களைப்படைகின்றன. பயிற்சிக்குப் பின் உண்ணும் உணவாலும் உறக்கத்தாலும் ஓய்வாலும் வலுப்பெறுகின்றன. ஓய்வே இல்லாத பயிற்சி, அடித்தளம் காயும் முன்னரே அடுத்த மாடியைக் கட்டுவதற்கு ஒப்பாகும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. அவர்களுடைய எலும்புகளின் முனைகளுக்கு அருகே வளர்தட்டு என்னும் மென்மையான பகுதி இருக்கிறது. எலும்பு நீளமாக வளர்வது அங்குத்தான். ஓடியும் குதித்தும் ஓயாமல் விளையாடும் சிறுவர் சிறுமியருக்கு, முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாண் எலும்போடு இணையும் இடத்தில் வலியும் வீக்கமும் ஏற்படுவதுண்டு. மருத்துவர்கள் இதனை ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று அழைக்கிறார்கள். இதற்கு முதல் மருந்து விளையாட்டின் அளவைக் குறைப்பதுதான். “வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடு!” என்று ஊக்கப்படுத்துவது இங்கே மருந்தாகாது.

இன்று திறமையான ஒரு மாணவர் திங்கட்கிழமை பள்ளிக் குழுவோடு பயிற்சி செய்கிறார். செவ்வாய்க்கிழமை தனியார் விளையாட்டு மன்றத்திற்குப் போகிறார். புதன்கிழமை மாவட்டக் குழுவின் பயிற்சியில் கலந்துகொள்கிறார். வார இறுதியில் போட்டியில் விளையாடுகிறார். மூன்று இடங்களிலும் மூன்று பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் பயிற்சி அளவானது என்றே எண்ணுகிறார். மூன்றையும் கூட்டிப் பார்ப்பவர் யார்? மலையில், இந்த மாணவர் இன்று எவ்வளவு ஏறினார், என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார் என்பதை ஒரே வழிகாட்டி அறிந்திருக்கிறார். திடலில் அப்படி ஒருவர் இல்லாததே பல காயங்களுக்குக் காரணம் என நான் கருதுகிறேன்.

திரும்பும் நேரம்

கினாபாலுவில் 3,600 மீட்டருக்கும் மேல் சாயாட்-சாயாட் என்னும் சோதனைச் சாவடி இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்திற்குள் அதனைக் கடக்காதவர்கள் உச்சிக்குப் போக அனுமதிக்கப்படுவதில்லை. “இன்னும் கொஞ்ச தூரம்தானே, விடுங்கள்!” என்று கெஞ்சினாலும் பயனில்லை. இந்த விதி கடுமையாகத் தோன்றலாம். ஆனால், களைத்துப்போன மனம் சரியான முடிவை எடுக்காது என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் வகுத்த விதி இது. முடிவை முன்கூட்டியே, தெளிவான மனத்தோடு எடுத்து வைத்துவிட வேண்டும்.

இவ்விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மலையேற்ற வரலாற்றில் துயரமான சான்று உண்டு. 1996-ஆம் ஆண்டு மே மாதம் 10, 11 ஆகிய நாள்களில் எவரெஸ்ட் மலையில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். பிற்பகல் இரண்டு மணிக்குள் உச்சியை எட்டாதவர்கள் திரும்பிவிட வேண்டும் என்று முன்பே பேசப்பட்டிருந்தது. ஆயினும், பலர் அந்நேரத்திற்குப் பிறகும் ஏறினார்கள். இறங்கும் வழியில் பனிப்புயல் அவர்களைச் சூழ்ந்துகொண்டது.

அதே மாதத்தின் தொடக்கத்தில், கோரன் குரோப் என்னும் சுவீடன் நாட்டு வீரர் வேறொரு முடிவை எடுத்திருந்தார். அவர் தம் நாட்டிலிருந்து மிதிவண்டியிலேயே நேப்பாளத்திற்கு வந்தவர். மே 3-ஆம் நாள், உச்சிக்கு ஏறக்குறைய 100 மீட்டரே இருந்த நிலையில், நேரமாகிவிட்டது என்பதை உணர்ந்து அவர் திரும்பிவிட்டார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி வந்த ஒருவருக்கு அந்த 100 மீட்டரை விட்டுவிடுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! ஆனால், உயிரோடு திரும்பியதால்தான் அவரால் மீண்டும் முயல முடிந்தது. அதே மாதம் 23-ஆம் நாள், செயற்கை உயிர்வளியின் துணை இல்லாமலேயே அவர் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்.

தன் வலிமையின் எல்லையை அறிந்து செயல்படுவதை நம் முன்னோரும் வலியுறுத்தியுள்ளனர். திருக்குறளில் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. மரக்கிளையின் நுனிவரை ஏறியவர் அதற்கு மேலும் ஏற முனைந்தால் உயிருக்கே கேடாகும் என்னும் கருத்தை வள்ளுவர் அதில் எடுத்துரைக்கிறார்.

விளையாட்டிலும் இத்தகைய ‘திரும்பும் நேரம்’ முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டும். அமெரிக்காவைத் தலைமையகமாகக் கொண்ட லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பில், 11, 12 வயதுடையவர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியக்கூடாது என்பது விதி. இறுதிப் போட்டியாக இருந்தாலும் அவ்விதி மாறாது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், அந்த விளையாட்டாளர் அன்று மீண்டும் களம் இறங்கக்கூடாது என்று அனைத்துலக விளையாட்டு மருத்துவ நெறிகள் கூறுகின்றன. இத்தகைய முடிவை ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில், பெற்றோரின் ஆரவாரத்திற்கு இடையில் எடுக்க முயன்றால் தவறாகத்தான் முடியும். பருவம் தொடங்கும் முன்னரே பயிற்றுநர், மாணவர், பெற்றோர் ஆகிய மூவரும் அமர்ந்து பேசி இவ்விதிகளை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“தலை வலிக்கிறதா?”

விதி இருந்தால் மட்டும் போதாது. உண்மையைச் சொல்லும் துணிவு மாணவருக்கு இருக்க வேண்டும். அத்துணிவைத் தருவது பயிற்றுநரின் கடமை.

பானாலாபானில் இரவு உணவின்போது எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு மாணவி தட்டைத் தொடாமல் அமர்ந்திருந்தாள். அவள் வலைப்பந்தில் சிறந்த ஆட்டக்காரி. வழிகாட்டி அவளிடம், “தலை வலிக்கிறதா?” என்று கேட்டார். “இல்லை” என்றாள். சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்டார். அதே பதில் வந்தது. அவர் கோபப்படவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் அமர்ந்தார். “எனக்கும் இதே இடத்தில் ஒருமுறை தலை வலித்திருக்கிறது. மலை எங்கும் போய்விடாது. வலித்தால் சொல், நாம் ஒரு வழி கண்டுபிடிக்கலாம்” என்று பொறுமையாகச் சொன்னார். அப்போதுதான் அவள், மதியத்திலிருந்தே தலை வலிப்பதையும் குமட்டல் இருப்பதையும் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் அவள் உச்சிக்கு வரவில்லை. நாங்கள் திரும்பி வரும்வரை, ஒரு வழிகாட்டியின் கவனிப்பில் தங்குமிடத்திலேயே இருந்தாள். கீழே இறங்கும் வழியில், “முன்பே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் என்னைத் திகைக்க வைத்தது. பள்ளிக் குழுவில் அவள் கணுக்கால் வலியோடு இரண்டு வாரம் விளையாடியிருக்கிறாள். சொன்னால் தன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி, கட்டுப் போட்டுக் காலுறைக்குள் மறைத்திருக்கிறாள். வலியை மறைக்கும் பழக்கத்தை அவள் மலைக்குக் கொண்டுவந்தாள். மலையில் கற்றதல்ல அது.

வலியைச் சொன்னால் இடம் பறிபோகும் என்ற அச்சம் இருக்கும் குழுவில், வலி குறைவதில்லை, ஒளிந்துகொள்கிறது. ஒளிந்த வலி ஒருநாள் பெரிய காயமாக வெளிவரும். “எங்கள் பிள்ளைகள் எதையும் தாங்குவார்கள்” என்று பெருமைப்படும் பயிற்றுநர், அவர்கள் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டதுண்டா? பயிற்சி தொடங்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, நன்றாகத் தூங்கினாயா, எங்காவது வலிக்கிறதா என்று ஒவ்வொருவரையும் கேட்பதற்குச் செலவு ஏதும் இல்லை. உண்மையைச் சொன்னவரின் இடம் அவருக்காகக் காத்திருக்கும் என்ற உறுதியையும் பயிற்றுநர் தர வேண்டும்.

இறக்கமும் பயணமே

பலர் உச்சியில் நின்று படம் எடுத்தவுடன் மலையேற்றம் முடிந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அப்போது பாதி வழிதான் கடந்திருக்கிறோம். முழங்கால்கள் நடுங்குவதும் கால் வழுக்குவதும் இறங்கும்போதுதான் அதிகம். எங்கள் வழிகாட்டிகள் உச்சியில் இருந்ததைவிட இறக்கத்தில் கூடுதல் விழிப்போடு இருந்தார்கள். அனைவரும் திம்போஹோன் வாயிலை அடைந்து, பெயர்களைச் சரிபார்த்த பிறகே அவர்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

கினாபாலு வழிகாட்டிகளின் பொறுப்புணர்வை நாடே கண்ட நாள் ஒன்றும் உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் அம்மலையை நிலநடுக்கம் உலுக்கியது. சிங்கப்பூரைச் சேர்ந்த பள்ளி மாணவர்கள் உட்பட 18 பேர் உயிரிழந்தனர். உயிரிழந்தவர்களுள் வழிகாட்டிகளும் இருந்தனர். பாறைகள் சரிந்துகொண்டிருந்த வேளையிலும், மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கீழே கொண்டுவந்து சேர்க்க வழிகாட்டிகள் பாடுபட்டனர். அழைத்துச் சென்றவரை வீடு கொண்டு சேர்ப்பதே தம் முதல் கடமை என்பதை அவர்கள் செயலில் காட்டினார்கள்.

விளையாட்டில் இறக்கம் என்பது எது? போட்டி முடிந்த பிறகு வரும் வாரங்கள்தாம். தோற்ற குழுவின் மாணவர்களோடு யார் பேசுகிறார்கள்? மாவட்டக் குழுவுக்குத் தேர்வாகாதவருக்கு அடுத்த வாரம் பயிற்சி உண்டா? தேர்வு ஆண்டில் விலகியவரை மீண்டும் வரச்சொல்லி யாராவது அழைக்கிறார்களா? கோப்பையோடு ஊர்வலம் வந்தவுடன் பருவம் முடிந்தது என்று கதவை மூடும் பயிற்றுநர், குழுவை உச்சியிலேயே விட்டுவிட்டு இறங்கிய வழிகாட்டியைப் போன்றவர்.

போட்டி வேண்டாமா?

இவ்வாறு சொல்லும்போது சிலர் மறுப்புரைக்கலாம். “எல்லாருக்கும் வாய்ப்பு, எல்லாருக்கும் ஓய்வு என்று போனால் வெற்றியாளர்கள் எங்கிருந்து வருவார்கள்? மலை நம்மோடு போட்டி போடுவதில்லை. ஆனால், திடலில் எதிரணி காத்துக்கொண்டிருக்கிறதே!” என்று அவர்கள் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. கோப்பை இல்லாவிட்டால் பயிற்றுநரையே குறைசொல்லும் பெற்றோரும் பள்ளிகளும் இருப்பதையும் மறுக்க முடியாது.

இதற்கு நார்வே நாட்டின் அனுபவம் ஓரளவு விடை தருகிறது. ஏறக்குறைய 55 லட்சம் மக்களே வாழும் அந்நாட்டில், சிறுவர் விளையாட்டுக்கெனத் தனி விதிகள் உள்ளன. 11 வயதை எட்டும் ஆண்டுவரை பிள்ளைகளின் போட்டிகளுக்குத் தரவரிசையோ புள்ளிப் பட்டியலோ வெளியிடுவதில்லை. 13 வயதை எட்டும் ஆண்டுவரை தேசிய வெற்றியாளர் போட்டிகளில் அவர்களை ஈடுபடுத்துவதில்லை. அதனால் அந்நாடு பின்தங்கிவிட்டதா? 2018-ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களையும், 2022-ஆம் ஆண்டில் 16 தங்கப் பதக்கங்களையும் வென்று இரு முறையும் முதலிடம் பெற்றது. பனி பெய்யும் நாடு என்பதால் இது எளிது என்று சொல்பவர்கள், 400 மீட்டர் தடை ஓட்டத்தை 45.94 விநாடியில் ஓடி, தோக்கியோ ஒலிம்பிக்கில் உலகச் சாதனை படைத்த கார்ஸ்டன் வார்ஹோல்மையும் நினைத்துப் பார்க்கலாம். இவ்வெற்றிகளுக்கு அந்த விதிகள் மட்டுமே காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால், பிள்ளைகளை அவசரப்படுத்தாமல் வளர்த்தால் வெற்றி கைநழுவிவிடும் என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை என்பது இதனால் தெளிவாகிறது.

நம் நாட்டுச் சான்றும் ஒன்று உண்டு. கோரன் குரோப் உச்சியைத் தொட்டதற்குச் சரியாக ஓராண்டு கழித்து, 1997-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், எம். மகேந்திரன், என். மோகனதாஸ் ஆகிய இருவரும் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் என்னும் பெருமையைப் பெற்றனர். உச்சியில் நின்றவர்கள் இருவர்தாம். ஆனால், அவர்களை அங்குக் கொண்டு சேர்த்தது ஒரு முழுக் குழுவின் உழைப்பு. பொருள் சுமந்தவர், பாதை அமைத்தவர், முகாமில் காத்திருந்தவர் என அனைவரும் அவ்வெற்றியின் பங்காளிகள். உச்சிக்குப் போகாதவரைத் தோற்றவர் என்று மலையேறிகள் சொல்வதில்லை. மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையைப் பற்றியும் நாம் அவ்வாறே சிந்திக்கப் பழக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்பான பயிற்றுநர் என்றால் எதையும் கேட்காத பயிற்றுநர் என்று பொருளல்ல. வழிகாட்டி எவரையும் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் வைப்பதில்லை. அதிகாலைக் குளிரில் எழ வேண்டும். கயிற்றைப் பற்றிப் பாறையில் ஏற வேண்டும். ஒவ்வோர் அடியையும் நாமே எடுத்து வைக்க வேண்டும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழியின் பொருளை மலை நன்றாகவே கற்பிக்கிறது. கடுமையான உழைப்பு வேறு, கண்மூடித்தனமான வற்புறுத்தல் வேறு. முன்னது மாணவரை வளர்க்கும், பின்னது விரட்டிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

பயிற்றுநர்கள் ஆண்டு இறுதியில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வைக்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் என்னிடம் எத்தனை பேர் இருந்தார்கள்? இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? விலகியவர்களுள் எத்தனை பேரிடம் காரணம் கேட்டேன்? பள்ளிகள் இந்த விடைகளையும் கோப்பைகளுக்கு இணையாக மதிக்கத் தொடங்கினால், பயிற்றுநர்களின் மீதுள்ள அழுத்தமும் குறையும். பெற்றோர், வீடு திரும்பும் பிள்ளையிடம் “வென்றாயா?” என்று கேட்பதற்கு முன் “எப்படி விளையாடினாய்? உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்கலாம்.

மாணவர்களாகிய உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் குழுத்தலைவராக இருந்தால், கடைசியில் ஓடி வருபவருக்காக ஒரு நிமிடம் காத்திருங்கள். வலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் நண்பர் மறைப்பதைக் கண்டால், அவரையும் சொல்லத் தூண்டுங்கள். இரண்டு மூன்று குழுக்களில் விளையாடுபவராக இருந்தால், எல்லாப் பயிற்சிகளையும் ஒரே அட்டவணையில் எழுதி உங்கள் பயிற்றுநர்களிடம் காட்டுங்கள். நாளை உங்களுள் சிலர் பயிற்றுநர்களாகவும் ஆசிரியர்களாகவும் பெற்றோராகவும் ஆவீர்கள். அப்போது உங்கள் பொறுப்பில் இருக்கும் குழுவின் கடைசி ஆள் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோப்பை வெல்வது மகிழ்ச்சிக்குரியதே. அதற்காக உழைப்பதும் நல்லதே. ஆயினும், கண்ணாடி அலமாரியில் இருக்கும் கோப்பைகள் காலப்போக்கில் மங்கிவிடும். நாற்பது வயதிலும் மாலை வேளையில் மட்டையை எடுத்துக்கொண்டு திடலுக்குச் செல்லும் ஒருவர், தம் பள்ளிப் பயிற்றுநரின் பெயரை நன்றியோடு சொல்கிறார் என்றால், அந்தப் பயிற்றுநரே தம் மாணவரைப் பத்திரமாக வீடு கொண்டு சேர்த்தவர்.